வாசல் தட்டு

அத்தியாயம் பதினொன்று

நாகம்மா லீவு எடுக்கவில்லை.

எடுக்கச் சொன்னது தனபாக்கியம். நாகம்மாவின் செத்துப்போன புருஷனுக்குத் தங்கை. போன வாரம் பிடோக் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து, கொடுத்த தேத்தண்ணியை ஆற அமரக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமை தாலி எடுக்க உங்க கடைக்கு வர்றோம் அண்ணி. அன்னைக்கு ஒரு நாள் நீங்க வாசல்ல இல்லாம பார்த்துக்குங்க."

உங்க கடை என்று அவள் சொன்னது நாகம்மா வேலை பார்க்கும் கடையை. சிராங்கூன் ரோட்டில் இருக்கும் நகைக்கடை. அதன் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம், கையில் வெள்ளித் தட்டோடு நிற்பதுதான் அவள் வேலை. பன்னீர் தெளிக்க வேண்டும். சந்தனமும் குங்குமமும் நீட்ட வேண்டும். கூடவே குழந்தை வந்தால் கற்கண்டு. வாங்க வாங்க என்று முகம் மலரக் கூப்பிட வேண்டும். உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. ஆறு வருஷமாக நிற்கிறாள். நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நிற்பதைவிடச் சுமப்பது சுலபம். சுமக்கிறவன் சுமையை ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். நிற்கிறவள் எதை இறக்கி வைப்பாள்?

தாலி எடுக்கப்போவது அவள் மகன் அசோக்கின் கல்யாணத்துக்கு. பெண் இளமதி, தோ பாயோவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இந்தக் கடையில்தான் தாலி எடுக்க வேண்டும் என்றது இளமதியின் அம்மா. சம்பந்தியம்மா நிற்கிற கடையில் எடுப்பதுதான் மரியாதை என்று அந்த அம்மா நினைத்தார். அந்த மரியாதைதான் தனபாக்கியத்தின் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. நாகம்மாவின் புருஷன் முத்துக்கருப்பன் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. வருஷம் திரும்புவதற்குள் மகனுக்குக் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று நாள் பார்த்தவளும் இதே தனபாக்கியம்தான். கல்யாணத்துக்கு அவசரம் காட்ட அந்தச் சாவு வேண்டும். குங்குமம் கொடுக்க மட்டும் அந்தச் சாவு ஆகாது.

ஞாயிறு காலை. அசோக் சாப்பாட்டு மேசையில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுகிறவன். அன்றைக்கு அவனுக்கு ஆஃப்.

"அம்மா, ஒரே ஒரு நாள்தான். எம்சி எடுங்களேன், மெடிக்கல் லீவுதானே."

"டாக்டர்கிட்ட எனக்கு என்ன நோய்னு சொல்றது?"

"தலைவலின்னு சொல்லுங்க."

"தலைவலி உங்க அத்தைக்கு. அவளைப் போய் எம்சி எடுக்கச் சொல்லு."

"நீங்க எல்லாத்தையும் பெருசு பண்றீங்க. அத்தை பேசறது பழங்காலத்துப் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டா முடிஞ்சிடும் லா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நாகம்மாவின் கை புடவை மடிப்பில் நின்றுவிட்டது. முத்துக்கருப்பன் பத்து வருஷத்துக்கு முன்னால் ஆங் மோ கியோவில் வேறொருத்தி வீட்டில் போய்த் தங்கியபோது, தனபாக்கியம் வந்து சொன்னதும் அதே சொல். அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அண்ணி.

பண்ணிக்கொண்டாள். தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, புருஷன் இல்லாத வீட்டில், புருஷன் இருக்கிறவளாக நடமாடினாள். அவன் செத்தபோதும் தனபாக்கியத்தின் போன்தான் வந்தது. கட்டினவ நீங்கதானே, நீங்கதான் வந்து உட்காரணும். ஆங் மோ கியோ அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். நாகம்மாவை நடுவில் உட்காரவைத்து, தலையில் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். வளையலை உடைத்த பெண்ணுக்கு அவசரம், கையில் கீறிவிட்டது. பத்து வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள் நாலாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் கையில் வளையல் அப்படியே இருந்தது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடையில் நாகம்மா இதைச் சொல்லவில்லை. லீவும் கேட்கவில்லை. தன் ஆஃப் நாளில் மண்டாய் மின்மயானம் வரைக்கும் போய் எரித்துவிட்டு, மறுநாள் தட்டைத் தூக்கினாள். கடைச் சீருடை என்றால் மெரூன் பட்டு, மல்லிகைச் சரம், நெற்றியில் பொட்டு. அதனால் தினமும் கடைக் கழிப்பறையில் பொட்டு வைத்து, ரயில் ஏறுமுன் அதை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வருவாள். பிடோக்கில் நாலு பேர் பார்த்து நாலு விதமாகப் பேசக் கூடாது.

இன்றைக்கு வீட்டிலேயே பொட்டு வைத்துக்கொண்டாள்.

அசோக் பார்த்தான். "அதைக் கடையில போய் வெச்சுக்கலாமே?"

"ரயில்ல இருக்கறவங்களும் பார்க்கட்டும்."

"அம்மா, இளா வீட்டு ஆளுங்க முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா…"

"ஏதாவது ஆச்சுன்னா நீ இருக்கல்ல?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டினாள். பதில் வருகிறதா என்று கதவருகே கொஞ்சம் நின்றாள். அசோக் மறுபடியும் போனைத் தேய்க்க ஆரம்பித்தான்.

*

கடை வாசலில் காதர் மைதீன் அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். காவல் வேலை. வருகிறவர் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பித்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும். அவர் திறப்பார், இவள் வரவேற்பாள். நாகம்மாவின் வீட்டு விஷயம் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் அவர்தான்.

"என்ன அக்கா, முகத்துல இன்னைக்குக் கலர் கூடியிருக்கு?"

"கோபம் பாய்."

"நல்லது. பவுடர் செலவு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தட்டில் சந்தனத்தைக் குழைத்து வைக்கும்போது கை கொஞ்சம் இளகியது.

மேனேஜர் வெங்கடேஷ் ஆறு மாதத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து வந்தவர். கம்பெனி அனுப்பிய ஆள். எல்லாரையும் மேடம் என்பார், கூட்டுகிற அம்மாவையும். வந்த புதிதில் அவர் கவனித்தது நாகம்மாவின் கையைத்தான். தாலி எடுக்க வருகிறவர்களுக்கு அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் குங்குமம் கொடுத்து நிறுத்திவிடுவதில்லை. வாசலில் நிற்கிறவளே தட்டோடு முன்னால் நடந்து, அவர்களைத் தாலி இருக்கும் மேசை வரைக்கும் கூட்டிப்போய், தட்டைப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தட்டில்தான் தாலியை வைப்பார்கள். நாகம்மா கையால் தட்டு வாங்கிய பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பி, நாகம்மா அக்கா இருக்காங்களா என்று கேட்டுக்கொண்டே வர ஆரம்பித்துவிட்டார்கள். வெங்கடேஷ் அவளை நிற்கவைத்துப் படம் பிடித்து, கடையின் பேஸ்புக்கில் போட்டார். கைராசி நாகம்மா உங்களை வரவேற்கிறார். ஆயிரம் பேருக்கு மேல் லைக் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கும் முதலில் வந்தது ஒரு கல்யாணக் குடும்பம். பச்சைப் புடவை கட்டிய அம்மாவும் பெண்ணும். ஜூரோங்கிலிருந்து வருகிறார்களாம். "உங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். எங்க பொண்ணுக்கு உங்க கையால வெச்சு விடுங்க" என்றார் அந்த அம்மா. நாகம்மா வைத்துவிட்டாள். பெண் வெட்கப்பட்டுக்கொண்டு குனிந்தது. அவர்களை மேசை வரைக்கும் கூட்டிப்போய்த் தட்டைக் கொடுத்து, வேறு தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

திரும்பும்போதே கண்ணாடிக்கு வெளியே தனபாக்கியம் தெரிந்தாள். பின்னால் இளமதி, அவள் அம்மா. எல்லாருக்கும் கடைசியில் அசோக்.

காதர் மைதீன் பித்தானை அழுத்துமுன் நாகம்மாவைப் பார்த்தார்.

"திறங்க பாய். கஸ்டமர்தானே."

கதவு திறந்தது. நாகம்மா பன்னீர் தெளித்தாள். "வாங்க தனம். வாங்க சம்பந்தியம்மா. வாம்மா இளமதி." ஆறு வருஷமாக எல்லாரையும் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே கூப்பிட்டாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இளமதியின் அம்மா சிரித்தபடி குங்குமம் தொட்டு வைத்துக்கொண்டார். இளமதி நெற்றியைக் குனிந்து காட்டினாள். நாகம்மாவின் விரல் போவதற்குள் தனபாக்கியம் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"உள்ள போய் வெச்சுக்கலாம்மா. நேரம் போகுது."

இழுத்த வேகத்தில் கற்கண்டு நாலைந்து தரையில் சிதறின. நாகம்மா அதைப் பார்க்கவில்லை. அசோக்கைப் பார்த்தாள். அசோக் கற்கண்டைப் பார்த்தான்.

தனபாக்கியம் நேராக வெங்கடேஷிடம் போனாள். "நீங்கதான் மேனேஜரா? வாசல்ல நிக்கிற அம்மாவைக் கொஞ்ச நேரம் பின்னாடி அனுப்புங்க. நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்."

"ஏன் மேடம், மரியாதைக் குறைவா ஏதாவது பேசினாங்களா?"

"அதெல்லாம் இல்ல. அவங்களுக்குப் புருஷன் தவறி இன்னும் வருஷம் திரும்பல."

வெங்கடேஷ் சிரித்த முகத்தை மாற்ற மறந்துவிட்டார். "அப்படியெல்லாம் இருக்காது மேடம். உங்களுக்கு யார் சொன்னது?"

"செத்தது எங்க அண்ணன்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் நகைக்கடையில் எல்லாருக்கும் காது கூர்மை, விலை கேட்டுக் கேட்டுப் பழகிய காது. மேசையில் தாலி பார்த்துக்கொண்டிருந்த பச்சைப் புடவை அம்மா தலையைத் தூக்கினார். கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்தார், மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினார், நெற்றியைத் துடைத்தார். ஒருமுறை துடைத்தார், பிறகு இன்னொரு டிஷ்யூ எடுத்து அழுத்தித் துடைத்தார். குங்குமம் போய், தோல் சிவந்து, அந்தப் பெண்ணுக்கு வலித்திருக்க வேண்டும். ம்மா என்றது.

நாகம்மா இருந்த இடத்திலிருந்து அதைப் பார்த்தாள். தட்டு கையில்தான் இருந்தது.

வெங்கடேஷ் ஓடி வந்தார். "மேடம், இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல சார். வேலைக்கு எடுக்கும்போது நிக்க முடியுமான்னுதான் கேட்டாங்க. புருஷன் மூச்சு விடறானான்னு யாரும் கேக்கல."

"நான் தனிப்பட்ட முறையில இதெல்லாம் பார்க்கறவன் இல்ல மேடம். கஸ்டமர் பார்க்கறாங்க. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? தட்டைக் கொடுங்க. நீங்க பின்னாடி பேக்கிங்ல இருங்க. இனிமே அங்கேயே இருந்துடலாம். உக்காந்து செய்யற வேலை, உங்களுக்கும் நல்லது."

ஆறு வருஷம் நாற்காலி கேட்டவளுக்கு இன்றைக்கு நாற்காலி கொடுக்கிறார்கள்.

தட்டை அவர் பிடுங்கவில்லை. இரண்டு கையாலும் பணிவாக வாங்கினார். வாங்கிவிட்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். கடையில் இருந்த பெண்களில் ஒருத்தி புருஷனை விட்டு வந்தவள், அது அவருக்கே தெரியும். இன்னொருத்தி குங்குமம் தொடாத கிறிஸ்தவப் பெண். மோதிரப் பிரிவில் நின்ற வித்யாவைக் கூப்பிட்டார்.

"சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலயே" என்றாள் வித்யா.

வெங்கடேஷ் தனபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். ஊரிலிருந்து கம்பெனி அனுப்பிய மேனேஜர், வாசலில் யார் நிற்கலாம் என்று ஒரு கஸ்டமரின் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டார்.

"கன்னிப் பொண்ணு பரவாயில்ல" என்றாள் தனபாக்கியம்.

வித்யாவின் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நான் என்ன பண்றது அக்கா?"

"பிடிச்சுக்கம்மா. உன் வேலை பெர்மிட்டு அவர் கையில இருக்கு. சாய்க்காம பிடி, சந்தனம் ஒழுகும்." சொல்லிவிட்டு நாகம்மா நடந்தாள். பின்பக்கம் போகவில்லை. தனபாக்கியத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தனம், ஒண்ணு கேக்கறேன். உங்கண்ணன் பத்து வருஷமா என் வீட்டு வாசலை மிதிக்கல. அந்தப் பத்து வருஷத்துல ஆறு வருஷம் நான் இங்க நின்னேன். உன் மக தாலி எடுக்க வந்தப்பவும் நான்தான் தட்டு தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தேன். எங்க அண்ணி கை, ராசியான கைன்னு நீயே சொன்னே."

"அண்ணி, இங்க வேணாம். வீட்ல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வந்துதானே லீவு போடுன்னு சொன்னே. நான் பேச இந்த இடம்தான் கிடைச்சுது. கேளு. உங்கண்ணன் அங்க இன்னொருத்தி வீட்ல படுத்து எந்திரிச்சப்ப என் கை ராசி. படுத்தவர் எந்திரிக்கலன்னதும் என் கை ஆகாது. அப்ப அந்த ராசி யாரோடது? என்னோடதா, அவரோடதா?"

"செத்தவரைப் பத்திப் பேசாதீங்க."

"இருந்தப்பவும் பேச விடல. செத்தும் பேசக் கூடாதுன்னா நான் எப்பதான் பேசறது?"

தனபாக்கியம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளும் ஏதோ தீமை செய்ய வந்தவள் இல்லை. அண்ணன் மகனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் விடிகாலையில் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். அதுதான் இதில் கொடுமை. திட்டம் போட்டுக் கெடுதல் செய்கிறவனைத் திருப்பி அடிக்கலாம். நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு காலில் ஏறி நிற்கிறவளை எங்கே பிடித்துத் தள்ளுவது?

இளமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் பார்த்துப் பழகியவள், சட்டென்று பதறவில்லை. அசோக்கிடம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

அசோக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு சங்கிலியையே பார்த்துக்கொண்டு சொன்னான். "பதினொண்ணரை வரைக்கும்தான் நல்ல நேரம் இளா. தாலிய எடுத்துடலாம். மத்தத வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"வெளிய போய் யாரு பேசுவா? நீங்களா?"

"சீன் போடாத, ப்ளீஸ். எல்லாரும் பார்க்கறாங்க."

"உங்கம்மாவையும்தான் எல்லாரும் பார்க்கறாங்க." இளமதி தன் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். "வாங்கம்மா, போலாம்."

"மதி, நல்ல நேரத்துல வந்துட்டுத் திரும்பிப் போகக் கூடாது."

"இதுல நல்ல நேரம் எங்க இருக்கு?"

நாகம்மாவைத் தாண்டும்போது இளமதி நின்றாள். "ஆன்ட்டி, எனக்கு உங்க மேல கோபம் இல்ல" என்றாள்.

"தெரியும்மா. போ."

கதவு திறந்து மூடியது. தாலி எடுக்க வந்த குடும்பத்தில் தாலி கட்டிக்கொள்ள வேண்டியவள் போய்விட்டாள். தனபாக்கியம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாகம்மாவின் காதருகே வந்து, "உங்க வீம்புக்கு உங்க பிள்ளை வாழ்க்கையைக் கொடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அசோக் அவள் பின்னால் போனான். அம்மாவைப் பார்த்தானா என்றால், பார்த்தான். அந்தப் பார்வை நீங்க எம்சி எடுத்திருக்கலாம் என்றது.

"மேடம், பின்னாடி போங்க" என்றார் வெங்கடேஷ்.

"போக மாட்டேன்."

"தட்டுதான் வித்யாகிட்ட கொடுத்தாச்சே."

"தட்டு உங்களோடது சார், எடுத்துக்கிட்டீங்க. வாங்கன்னு கூப்பிடற வாய் என்னோடது. அந்த வாய்க்குத்தான் என்னை வேலைக்கு வெச்சீங்க." வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். கதவுக்கு இடப்பக்கம் நாகம்மா, வலப்பக்கம் தட்டோடு வித்யா.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. வெங்கடேஷால் அவள் கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது, சத்தம் போடவும் முடியாது. கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் காதர் மைதீன். "கஸ்டமருக்கு வழி வேணும்."

வெங்கடேஷ் தள்ளி நின்றார்.

சாயங்காலம் வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். வாங்க, வாங்க. கூப்பிய கைக்குள் எதுவும் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவும் இல்லை. வாங்க என்று ஒரு மனுஷி சொன்னாள், வந்தார்கள், அவ்வளவுதான். பச்சைப் புடவை அம்மா தாலி வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்காமல் போனார். அந்தப் பெண் மட்டும் சிவந்த நெற்றியோடு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதற்கும் நாகம்மா, போயிட்டு வாங்க என்றாள்.

ஷிப்ட் முடிந்தபோது வெங்கடேஷ் அருகில் வந்து, "நாளைக்கு ஹெட் ஆபீஸ்ல பேசறேன் மேடம். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றார்.

"பேசுங்க. அதுக்கு முன்னாடி பேஸ்புக்ல இருக்கற என் படத்தை எடுத்துடுங்க. கைராசின்னு எழுதி என் மூஞ்சியை மாட்டி வெச்சுக்கிட்டு, என்னைப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க."

*

தேக்கா பக்கத்துக் காப்பிக்கடையில் அசோக் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் ஷிப்ட் முடியும் நேரம் அவனுக்குத் தெரியும். முன்னால் இருந்த தே தாரிக் டீயில் ஆடை படிந்திருந்தது. நாகம்மா எதிரில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பாள்.

"இளா போனை எடுக்க மாட்டேங்கறா" என்றான்.

"ம்."

"நீங்க ஒரு நாள் லீவு போட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காது."

"நீ ஒரு வார்த்தை பேசியிருந்தா?"

"அத்தைகிட்ட நான் எப்படிம்மா எதிர்த்துப் பேசறது? அப்பா போனதுல இருந்து எல்லாத்தையும் அவங்கதானே முன்னாடி நின்னு செய்யறாங்க?"

"யாரு முன்னாடி நிக்கறதுன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க." நாகம்மா கால் விரல்களை மேசைக்கடியில் நீட்டி மடக்கினாள். "சரி, அதையும் கேட்டுக்கறேன். கல்யாணத்தன்னைக்கு மண்டப வாசல்ல பன்னீர் தெளிச்சுக் கூப்பிடறது யாரு?"

"அத்தையும் மாமாவும்."

யோசிக்காமல் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"போன மாசம் சும்மா பேசினதும்மா."

"நான் எங்க இருப்பேன்னு பேசினீங்க?"

அவன் கிளாசைத் திருப்பினான். "மேடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. ஏர்கான் எல்லாம் இருக்கு. தாலி கட்டி முடிச்சதும் போட்டோவுக்குக் கூப்பிடறோம்னு…"

பின்னாடி. காலையில் மேனேஜர் சொன்ன அதே இடம். ஊர் பேர் தெரியாத எத்தனையோ கல்யாணக் கூட்டங்களுக்கு வாசலில் நின்று வாங்க என்று சொன்னவளுக்கு, சொந்த மகன் கல்யாணத்தில் ஏர்கான் ரூம்.

நாகம்மா குரலைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டுக்க. என் மகன் கல்யாணத்துக்கு வர்றவங்களை வாங்கன்னு கூப்பிடறது நான்தான். பட்டு கட்டிக்கிட்டு, பொட்டு வெச்சுக்கிட்டு, தட்டு பிடிச்சுக்கிட்டு மண்டப வாசல்ல நான் நிப்பேன். குங்குமம் வேணும்கறவங்க எடுத்துக்கட்டும், வேணாம்கறவங்க கும்பிட்டுட்டு உள்ள போகட்டும். இதை உங்க அத்தைகிட்ட நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லணும்."

"மண்டபம் அத்தை பேர்லதாம்மா புக் ஆகியிருக்கு. மாமா ஆபீஸ் மூலமா எடுத்தது. அவங்க கேன்சல் பண்ணிட்டா? பத்திரிகையெல்லாம் கொடுத்தாச்சு."

"அப்ப வேற வாசல் பாரு."

மேசையில் போன் அதிர்ந்தது. இளா என்று நினைத்து அசோக் பாய்ந்து எடுத்தான். எடுத்தவன் முகம் தொங்கிவிட்டது. திரையில் அத்தை.

"எடு" என்றாள் நாகம்மா. "ஸ்பீக்கர்ல போடு."

"அம்மா…"

"போடு."

போட்டான். தனபாக்கியத்தின் குரல் காப்பிக்கடைச் சத்தத்துக்கு மேலே வந்தது. அழுதிருந்தாள் போல, மூக்கடைத்திருந்தது. "அசோக்கு, பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டு நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்யா. வர்ற புதன்கிழமை நல்ல நாள், வேற கடையில எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன். உங்கம்மாகிட்ட மட்டும் நீ ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடு. கல்யாணத்தன்னைக்கும் இப்படி வந்து வாசல்ல நின்னாங்கன்னா நான் மண்டபப் பக்கமே வர மாட்டேன், மண்டபமும் இருக்காது. என்னய்யா சொல்றே?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகம்மா மகனைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் எங்கே இரக்கம் வந்துவிடுமோ என்று பயம்.

"அசோக்கு? லைன்ல இருக்கியா?"

அசோக் தொண்டையைச் செருமினான். காலையில் கடையில் வந்திருக்க வேண்டிய செருமல். இப்போதுதான் வந்தது.

"அத்தை," என்றான், "அம்மா என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க."

ஸ்பீக்கரை அவன் அணைக்கவில்லை. அத்தையும் போனைத் துண்டிக்கவில்லை.